உயிரோடு இருந்தவருக்கு அந்தியேட்டி

சென்னை
4.9.1983

அன்புள்ள மகாதேவிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் பெயர் கிறிஸ்துநாயகம். பருத்தித்துறையில் வள்ளம் ஓட்டுகிறவர். நம்பலாம். தேத்தண்ணீர் கொடும். கேள்வி கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நான் ஆமியை விட்டுவிட்டேன். பதினான்கு வருடச் சேவை, கப்டன் பதவி எல்லாவற்றையும் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு மன்னார் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். ஆடி மாதம் தமிழருக்கு அடி விழுந்த அந்த நாலு நாளும் நான் எங்கே இருந்தேன் என்று ஊரில் கேட்பார்கள். என் மேலதிகாரி நல்ல மனிதர். "உன்னுடைய பாதுகாப்புக்காக வெளியே வராதே" என்று சொல்லி ஓர் அறையில் இருக்கச் சொன்னார். இருந்தேன். வாசலில் காவல் நின்றவன் நானே பயிற்சி கொடுத்தவன். மூன்றாம் நாள் அவன் எனக்கு சல்யூட் அடிக்கவில்லை. கொழும்பில் எரிந்த வீடுகளைவிட அதுதான் என்னைச் சுட்டது என்றால் நீர் கோபிப்பீர். ஆனால் உண்மை அதுதான், உம்மிடம் மறைப்பானேன்.

இங்கே ஓர் இயக்கம் என்னைக் கேட்டு வந்திருக்கிறது. பெரிய இயக்கம் இல்லை. ஆர்வம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

நீர் செய்ய வேண்டியவை: முதலாவது, சீருடையில் நான் நிற்கும் படங்களை எரித்துவிடும். இரண்டாவது, ஆமி வந்து கேட்டால் புருசனுடன் கோபம் என்று சொல்லும். மூன்றாவது, என் ஐயாவைக் கவலைப்பட விடவேண்டாம். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
தில்லைநாதன்


கரவெட்டி
11.10.1983

அத்தானுக்கு,

உங்கள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் கிடைத்தன. கட்டளை போடுவதற்கு ஆமியில் கற்றீர்கள், ஆமியை விட்டும் அது உங்களை விடவில்லை.

படங்களை எரிக்கும் வேலை எனக்கு வரவில்லை. ஆமி இரண்டு தரம் வந்தது, அவர்களே உடைத்துவிட்டுப் போனார்கள். புருசனுடன் கோபம் என்று சொன்னேன். பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை.

பதினான்கு வருடமாக நான் இந்த ஊரில் ஆமிக்காரன் பெண்சாதி. உங்களுக்கு அது தெரியாது, லீவில் வந்து பத்து நாள் நின்றுவிட்டுப் போய்விடுவீர்கள். நான் இந்த ஊரின் மருத்துவமாது. மழையோ வெயிலோ சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு மருத்துவமாதைக் கூப்பிட்டு, பிள்ளையை முதலில் அவள் மடியில் வைத்துத்தான் உறவினர் கையில் கொடுப்பார்கள். எனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று உங்களிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். சில வீடுகளில் உங்கள் உத்தியோகத்துக்காக என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். போன கிழமை சங்கக்கடையில் வரிசையில் நிற்க விடவில்லை, முன்னால் கூப்பிட்டுச் சீனி தந்தார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

மாமா வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். "மூத்தவன் வாறன் எண்டு எழுதினவனோ?" என்று தினமும் கேட்கிறார். ஓம் என்கிறேன்.

மகாதேவி


தென்மராட்சி
19.2.1985

மகாதேவி,

ஆறு மாதம் என்று சொன்னது ஒன்றரை வருடமாகிவிட்டது. மன்னியும். இப்போது கடலுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், உமக்கு எட்டு மைல் தூரத்தில். வர முடியாது.

அறுபத்திரண்டு பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எல்லோரும் என்னைக் கப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேறு பெயர் வைக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். போன மாதம் ஒருவன் யாரோ வளவில் கேட்காமல் மாங்காய் பிடுங்கினான். அவனை ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தினேன். சனம் எங்களைக் கண்டு பயப்படக்கூடாது. இந்த இயக்கத்தில் ஒருவரும் சனத்தின் மேல் கை வைக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

வியாழக்கிழமை நீர் கைதடிப் பக்கம் சைக்கிளில் போனீர். பின்னால் பெட்டி கட்டியிருந்தது. மதகுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

தில்லைநாதன்


22.5.1986

மகாதேவி,

அவசரமாக எழுதுகிறேன். வாசித்ததும் எரித்துவிடும்.

பெரிய இயக்கம் எங்களைத் தடை செய்துவிட்டது உமக்குத் தெரிந்திருக்கும். அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் மிச்சம். ஆமியின் கையால் செத்தவர்கள் நாலு பேர்தான். மற்ற எல்லோரையும் எங்கடை ஆட்களே சுட்டார்கள். சிலர் கையை உயர்த்திக்கொண்டு வந்தவர்கள். இன்று கிறிஸ்துநாயகத்துடன் கடலால் போகிறேன்.

என்னைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் உம்மையும் தம்பி கதிரவேலுவையும் விடமாட்டார்கள். எனவே நான் சாக வேண்டும். வள்ளத்தைச் சுட்டதில் கடலில் போய்விட்டேன், உடல் கிடைக்கவில்லை என்று கிறிஸ்துநாயகம் வந்து சொல்லுவார். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். முறைப்படி தர்ப்பையில் உருவம் கட்டி எரிக்க வேண்டும். எட்டாம் நாள் படையல் வைத்து எட்டுச் செலவு செய்ய வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி நடக்க வேண்டும். நீர் தாலிக்கொடி கழற்ற வேண்டும். புருசன் உயிரோடு இருக்க எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கொடி கழற்றமாட்டாள். எதிரிக்கும் அது தெரியும். அதனால்தான் நம்புவான்.

ஒருவருக்கும் சொல்லக்கூடாது. ஐயாவுக்கும் கூடாது. அவருடைய அழுகை உண்மையாக இருக்க வேண்டும்.

தில்லைநாதன்


கரவெட்டி
2.7.1986

அத்தானுக்கு,

உங்களை எரித்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி எல்லாம் நடந்தது.

குருக்கள் தர்ப்பையில் உருவம் கட்டி முற்றத்தில் கிடத்தினார். மாமா பக்கத்தில் குந்தியிருந்து தலையிலிருந்து கால் வரைக்கும் தடவினார். "உது என்ரை பிள்ளையின்ரை உயரத்துக்குக் காணாது ஐயா. இன்னும் ஒரு சாண் நீளமாய்க் கட்டுங்கோ" என்றார். குருக்கள் அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு சொல் போதும். திறக்கவில்லை. பெண்கள் என் கொடியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தார்கள். கதிரவேலு தலையை மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். நான் அழவில்லை என்று ஊரில் கதைத்தார்கள். அதிர்ச்சி என்று தாங்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் ஐந்து பேர் துவக்கோடு வந்தார்கள். உங்கள் படத்தையும் விளக்கையும் பார்த்தார்கள். என் கழுத்தைப் பார்த்தார்கள். "சரி அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் போட்ட கணக்குப் பிழைக்கவில்லை. அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு வந்தது மூன்றாம் வளவுப் பொன்னம்பலம், வெங்காய லொறி ஓட்டுகிறவர். அவர்கள் போன பிறகும் நின்று, படையலில் இருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு போனார். என்ன மனிதர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எரிச்சலாக இருந்தது.

போன கிழமை கிழக்குத் தெருவில் ஒரு துடக்குக் கழிவு. பிள்ளைப்பேறு பார்த்தவள் நான். என்னைக் கூப்பிடவில்லை. பலகாரத்தை மட்டும் ஓலைப்பெட்டியில் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். அறுதலியின் மடியில் யார் பிள்ளையை வைப்பார்கள்? குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மகாதேவி


கரவெட்டி
18.11.1986

மாமா நேற்றுக் காலமானார். உங்கள் அந்தியேட்டிக்குப் பிறகு அவர் கதிரையில் இருக்கவில்லை, படுத்தவர் எழும்பவுமில்லை. கடைசிக் கிழமை அவருடைய காதில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் போனேன். கதிரவேலு பக்கத்திலேயே இருந்தான். அதற்குப் பிறகு அவருக்குக் காது கேட்கவில்லை.

மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்தான். முடி அப்போதுதான் வளர்ந்திருந்தது, மறுபடி மொட்டை அடித்தான்.

மகாதேவி


கரவெட்டி
30.8.1988

கப்டன் தில்லைநாதனுக்கு,

ஒன்றே முக்கால் வருடமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அமைதிக்கு என்று வந்த இந்தியப் படைக்குப் பின்னால் உங்கள் இயக்கமும் வந்து முகாம் போட்டிருக்கிறது என்று தெரியும். நீங்களும் வந்திருக்கிறீர்கள் என்று இருபத்தாறாம் திகதிதான் தெரிந்தது. எந்த முகாம் என்று கிறிஸ்துநாயகத்துக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று காலை உங்கள் ஆட்கள் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களைப் பள்ளிக்கூட வெளியில் வரிசையாக இருத்தினார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். ஜீப்பிலிருந்து, முகத்தை மறைத்துக்கொண்டு ஆள் காட்டுகிற தலையாட்டி இறங்கினார். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எல்லோரும் பயத்தில் அந்த ஓட்டைகளைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டி, குதிக்காலில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் கலியாணப் படம் எடுக்கும்போதும் நீங்கள் அப்படித்தான் நின்றீர்கள், படக்காரர் அசையாமல் நிற்கச் சொன்னார். செத்துப்போன ஒருவரை அந்தச் சாக்குக்குள் யாரும் தேடமாட்டார்கள். இந்த ஊரில் உங்களை அடையாளம் காணக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கதிரவேலுவைக் கடந்து போனீர்கள். பொன்னம்பலத்துக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினீர்கள். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் செய்தது வழி காட்டியது. ஐந்து துவக்கு முன்னால் நின்று கேட்டால் யார்தான் காட்டமாட்டார்கள்? அந்தப் பெயரை உங்களுக்கு யார் சொன்னது என்று நான் யோசிக்கத் தேவையில்லை. நான் எழுதினேன். ஒரு வடைக்கு எரிச்சல்பட்டு எழுதினேன்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி பூரணத்துக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. வேறு ஆளில்லை, அறுதலி என்று பாராமல் என்னைக் கூப்பிட்டார்கள். பெண் பிள்ளை. நோவோடு நோவாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரை விட்டிடுவினம்தானே? அவர் ஒரு பிழையும் செய்யேல்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றேன்.

பொன்னம்பலம் எங்கே? அவரை விட்டுவிடுங்கள்.

மகாதேவி


4.9.1988

மகாதேவி,

நான் இழந்த ஐம்பத்து மூன்று பேரில் எத்தனை பேர் வழி காட்டியவர்களால் செத்தார்கள் என்று உமக்குத் தெரியாது. அந்த வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காக நீர் எனக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை.

அவருடைய விசயத்தை இனிக் கேட்க வேண்டாம். இப்படிக் கடிதம் அனுப்புவதும் உமக்கு ஆபத்து.

தி.


ரொறன்ரோ
10.2.1995

அன்புள்ள மகாதேவிக்கு,

இது தபாலில் வருகிறது. சண்டை நின்றிருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று கேள்விப்பட்டுத் துணிந்து எழுதுகிறேன்.

தொண்ணூறில் இந்தியப் படையோடு கப்பலில் ஏறியதிலிருந்து நான் பட்டதை எழுதினால் கடிதம் கொள்ளாது. இப்போது இந்த ஊரில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் வேலை செய்கிறேன். அவர்களும் ஒரு சீருடை தந்திருக்கிறார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது, மனைவியைக் கூப்பிடலாம் என்கிறார்கள். அதில்தான் சிக்கல். நீர் எனக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்திருக்கிறீர்.

செய்ய வேண்டியவை: முதலாவது, விவாகப் பதிவின் பிரதி. இரண்டாவது, பாதை திறந்திருக்கும்போதே கொழும்புக்கு வந்து, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் நான் உயிரோடு இருப்பதாகச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை. மூன்றாவது, குளிருக்கு ஏற்ற உடுப்பு அங்கே வாங்க வேண்டாம், இங்கே வாங்கலாம்.

மீதி நாட்களையாவது சேர்ந்து இருப்போம். உமக்கு நான் செய்தது கொஞ்சமில்லை என்று தெரியும்.

தில்லைநாதன்


கரவெட்டி
21.3.1995

அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோசப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோசப்பட்டேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் வேலைக்குப் போகவில்லை.

எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூறு வரை உங்கள் முகாமுக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஏழிலும் ஒரே கேள்வி. இப்போதும் அதுதான்.

பூரணத்துக்கு இன்னும் கொடி கழுத்தில் இருக்கிறது. ஏழு வருடமாகக் காலையில் குளித்துப் பொட்டு வைக்கிறாள். யாரோ பூசா தடுப்பு முகாமில் கண்டதாம், யாரோ இந்தியாவில் கண்டதாம் என்று ஒவ்வொரு கதைக்கும் பஸ் ஏறிப் போகிறாள். நல்ல காரியங்களுக்குக் கூப்பிடுவதா விடுவதா என்று ஊருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்கெண்டாலும் செத்தது எண்டு தெரியும் அக்கா" என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அவளுடைய பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறேன்.

பொன்னம்பலத்தை என்ன செய்தீர்கள், எங்கே போட்டீர்கள் என்று எழுதுங்கள். எழுதினால் கொழும்புக்கு வருவேன். சத்தியக்கடதாசி முடிப்பேன். எழுதாவிட்டால் நீங்கள் எண்பத்தாறிலேயே செத்தவராக இருந்துகொள்ளுங்கள்.

மகாதேவி


ரொறன்ரோ
2.5.1995

மகாதேவி,

மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. இது உமக்கு வந்து சேருமோ தெரியாது. கொழும்பில் உள்ள ஒருவர் மூலம் அனுப்புகிறேன்.

முகாம் இருந்த வளவு கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியும். அதன் பின்வேலி. மலசலகூடத்துக்கு இடப்பக்கம், வேலியிலிருந்து நாலு அடி. இரண்டாம் நாள். அடித்ததில் இல்லை, சுட்டது. கட்டளை நான் கொடுத்தேன். அவர் கடைசி வரைக்கும் தன்னை ஏன் பிடித்தது என்று தெரியாது என்றுதான் சொன்னார். நான் சாக்கைக் கழற்றிக் காட்டினேன். "கப்டன் ஐயா, உங்கடை செத்தவீட்டிலை நான் ஓலை பின்னினனான்" என்றார்.

நீர் கேட்டதை எழுதிவிட்டேன். இப்போது நீர் சொன்னதைச் செய்யும். அந்தப் பெண்ணிடம் யாரோ பெயர் தெரியாதவர் சொன்னதாகச் சொல்லலாம். எங்களுடைய பெயர் அதில் வரத் தேவையில்லை. கவனமாக யோசித்து நடவும்.

தில்லைநாதன்


கரவெட்டி
30.7.1995

அத்தானுக்கு,

கிளாலிக் கடலால் போகிற ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

யாரோ சொன்னதாகச் சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். சொன்னேன். பூரணம் நம்பவில்லை. ஏழு வருடமாக யாரோ சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "ஆர் சொன்னது? கண்ட ஆளோ, கேட்ட ஆளோ?" என்று கேட்டாள். பெயர் இல்லாமல் அவள் ஒரு பிடி மண்ணும் கிண்டமாட்டாள் என்று தெரிந்தது. எனவே உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். வழி காட்டியது அவர் என்று எழுதி அனுப்பியது நான் என்பதையும் சொன்னேன். அது உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது. ஒருமுறை மாமாவிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். இன்னொரு முறை அது என்னால் முடியவில்லை.

கதிரவேலுவும் இன்னும் இரண்டு பேரும் போய்த் தோண்டினார்கள். நீங்கள் எழுதிய இடம் சரி. நாலு அடி. எலும்போடு வெள்ளி அரைஞாண் கிடந்தது, அதைக் கொண்டு அடையாளம் காட்டினாள். தோண்டிக்கொண்டு நின்ற இடத்தில்தான் கதிரவேலுவுக்கு உங்கள் விசயத்தைச் சொன்னேன். அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு, "அண்ணைக்கு நான் கொள்ளி வைச்சு ஒன்பது வருசம் மச்சாள். இனி அவரை எழுப்பாதேங்கோ" என்று மட்டும் சொன்னான்.

செத்தவர் என்று சொல்லி மறைத்ததற்காக பெரிய இயக்கத்து ஆட்கள் என்னை இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். அடிக்கவில்லை. ஊரில் என்னோடு கதைப்பதில்லை. தலையாட்டியின் பெண்சாதி என்று தெருவில் சொல்கிறார்கள், அதில் பிழையில்லை. வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊருக்குப் போய் எந்தப் பிள்ளையைக் கையில் எடுப்பது என்று தெரியவில்லை.

கொழும்புக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். வரமாட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் உயிரோடு இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் செய்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு நீதவான் முன்னால் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை.

நேற்றுப் பொன்னம்பலத்தின் முப்பத்தொன்றாம் நாள். கீரிமலைக்கு இப்போது போக முடியாது, பருத்தித்துறைக் கடலில் செய்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நான் போகவுமில்லை. பின்னேரம் பூரணம் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். வெள்ளைச் சீலை. கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றுமில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எழும்பி நின்றேன். அவள் கிட்ட வந்தாள். தன்னுடைய குங்குமச் செப்பை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு இனி உது தேவையில்லை. உங்கடை மனிசன் உயிரோடைதானே இருக்கிறார் அக்கா. நீங்கள் பொட்டு வையுங்கோ" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.

மகாதேவி